போர் வராததைப் பெருமை என்று சொல்லாதீர்கள்

சென்னையில் ஒரு கருத்தரங்கு. வட ஆற்காட்டுப் படியாள் முறையைப் பற்றி நான் கட்டுரை வாசித்தேன். தலைப்பில் 'அடிமைமுறை' என்ற சொல் இருந்தது. வாசித்து முடித்ததும் அமர்வுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, அமெரிக்காவில் அடிமைமுறை இருந்தது, அதனால் நாடு இரண்டாகப் பிளந்தது, போர் வந்தது, லட்சக்கணக்கில் செத்தார்கள். இங்கே அப்படி ஒன்று இருந்திருந்தால் போர் வந்திருக்காதா? 1843-ல் ஒரு சட்டம், ஒரு கையெழுத்து, முடிந்துபோனது. ஆகவே அந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனமாகப் பயன்படுத்துங்கள்." கைதட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப் பேர் அம்பேத்கர் படம் போட்ட டி-சர்ட் அணிந்திருந்தார்கள். எனக்கு மீதமிருந்தது இரண்டு நிமிடம். சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

பேராசிரியரின் வாதம் புதிதல்ல. இந்தியாவில் அடிமைகளே இல்லை என்று மெகஸ்தனிஸ் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து நம்மவர்கள் அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள். ஆ. சிவசுப்பிரமணியனின் 'தமிழகத்தில் அடிமைமுறை' போன்ற நூல்கள் வந்து இவ்வளவு காலமான பிறகும், கோயிலுக்குத் தம்மையே விற்றுக்கொண்டவர்களைப் பற்றிய கல்வெட்டுகளையும் ஆளோலைகளையும் பார்த்த பிறகும், சான்றிதழ் மட்டும் இறங்கவில்லை. இப்போது அதற்கு ஒரு முற்போக்குப் பதிப்பும் வந்திருக்கிறது: அங்கே போர், இங்கே அமைதி, ஆகவே இங்கே கொடுமை குறைவு.

நான் சொல்வது நேர் எதிரானது. இங்கே போர் வராமல் போனதற்குக் காரணம், அடிமைகளை வைத்திருந்தவர்களுக்குள் சண்டையே இல்லாமல் இருந்தது. அதே காரணத்தால்தான் இங்கே விடுதலையும் வரவில்லை.

முதலில் அமெரிக்காவில் போர் எப்படி வந்தது என்று பார்ப்போம். வெள்ளைக்கார மனசாட்சி ஒரு நாள் விழித்துக்கொண்டதால் வந்தது என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். 1787-ல் அரசமைப்புச் சட்டம் எழுதும்போதே வடக்கும் தெற்கும் பேரம் பேசித்தான் எழுதின. அடிமைக்கு ஓட்டு கிடையாது. ஆனால் எசமானின் மாநிலத்துக்கு எத்தனை எம்.பி. என்று கணக்கிடும்போது மட்டும் ஒவ்வோர் அடிமையும் ஐந்தில் மூன்று பங்கு மனிதனாக எண்ணப்பட்டான். 1820-ல் நாட்டின் மேற்குப் பகுதியில் வரைபடத்தின் மீதே கோடு கிழித்தார்கள்: 36 பாகை 30 கலை அட்சரேகைக்குத் தெற்கே அடிமைமுறை இருக்கலாம், வடக்கே மிசௌரி தவிர வேறெங்கும் கூடாது. 1854-ல் கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் அந்தக் கோட்டை அழித்தது. அடிமை நிலமா, இல்லையா என்பதை அங்கே குடியேறுகிறவர்களே ஓட்டுப்போட்டு முடிவு செய்யட்டும் என்றது. இரு பக்கமும் துப்பாக்கியோடு ஆட்களை அனுப்பின. உள்நாட்டுப் போரின் முதல் ரத்தம் கான்சாஸில் சிந்தியது.

வட மாநில வெள்ளையர்கள் நல்லவர்களா? இல்லினாயும் இந்தியானாவும் கறுப்பர்கள் உள்ளே வந்து குடியேறவே கூடாது என்று 1850-களில் சட்டம் வைத்திருந்த மாநிலங்கள். நியூயார்க் வணிகர்கள் தெற்கின் பஞ்சில் பணம் பண்ணினார்கள். அன்றைய அமெரிக்க ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பஞ்சுதான். வடக்கு வெள்ளைக்காரனுக்குக் கறுப்பன் மீது பாசம் வந்துவிடவில்லை. மேற்கே காலியாகக் கிடப்பதாக அவன் நினைத்த நிலம் (பூர்வகுடிகளிடமிருந்து பிடுங்கிய நிலம் என்பது தனிக் கதை) தனக்கு வேண்டும், அதில் பண்ணை முதலாளியும் அவனுடைய கூலியில்லா அடிமைகளும் வந்து போட்டி போடக் கூடாது என்று நினைத்தான். அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' போதுமானதாக இருந்தது. ஆளும் வர்க்கம் நிலப்பகுதி வாரியாக இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதியின் நலன் மறு பாதியின் நலனோடு மோதியது.

இதில் ஓடிப்போன அடிமைகளின் பங்கை நாம் பெரும்பாலும் குறைத்துப் பேசுகிறோம். ஒஹையோ ஆற்றின் தென்கரையில் கென்டக்கி, அடிமை மாநிலம். வடகரையில் அடிமைமுறை கிடையாது. ஆற்றைக் கடந்தால் வாழ்க்கை மாறும், ஆகவே கடந்தார்கள். அவர்களைப் பிடித்துத் தர 1850-ல் ஓடிப்போன அடிமைகள் சட்டம் வந்தது. தெருவில் போகிறவனைக்கூட அடிமை பிடிக்கும் வேலைக்கு அழைக்கலாம், மறுக்கக் கூடாது. விசாரிக்கும் அதிகாரி 'இவன் அடிமைதான்' என்று தீர்ப்புச் சொன்னால் 10 டாலர், 'இல்லை' என்றால் 5 டாலர். 1854-ல் அந்தோணி பர்ன்ஸ் என்பவரை பாஸ்டன் நகரில் பிடித்து, ராணுவக் காவலோடு கப்பலேற்றினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் நின்று பார்த்தார்கள். அதுவரை 'அது தெற்கத்தியர்களின் விவகாரம்' என்று இருந்தவன், அந்த விவகாரம் தன் தெருவுக்குள் வந்து நிற்பதைப் பார்த்தான். ஓடியவர்களின் கால்கள்தான் வடக்கை அந்தச் சண்டைக்குள் இழுத்து வந்தன.

1860 நவம்பர் 6-ல் லிங்கன் வென்றார். தெற்கின் பெரும்பாலான மாநிலங்களில் அவர் பெயர் வாக்குச்சீட்டிலேயே இல்லை. இருக்கிற இடத்தில் அடிமைமுறையைத் தொட மாட்டேன், புது இடங்களுக்குப் பரவ விட மாட்டேன் என்றுதான் அவர் சொன்னார். அதுவே தாங்கவில்லை. டிசம்பர் 20-ல் தென் கரோலினா பிரிந்தது. பிறகு 10 மாநிலங்கள். பிரிந்த நாட்டின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில், கறுப்பன் வெள்ளையனுக்குச் சமமல்ல என்பதே எங்கள் அரசின் அடிக்கல் என்று மேடையில் வெளிப்படையாகச் சொன்னார். மாநில உரிமைக்கான போர் என்று இன்றும் பேசுகிறவர்கள் அந்த உரையைப் படிப்பதில்லை. நான்கு ஆண்டுகள், 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சாவு. ஒன்றியத்தைக் காப்பாற்றத் தொடங்கிய போரை அடிமை ஒழிப்புப் போராக மாற்றியவர்கள் அடிமைகளே. பண்ணைகளை விட்டு வடக்கின் படை முகாம்களுக்கு ஓடினார்கள். சுமார் 1,80,000 கறுப்பர்கள் சீருடை போட்டார்கள். இதை ஒரு பொது வேலைநிறுத்தம் என்றே டுபாய்ஸ் 1935-ல் எழுதினார்.

இனி நம் பக்கம்.

பிரிட்டன் தன் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டத்தை 1833-ல் கொண்டுவந்தது. எசமான்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு. அடிமைகளுக்கு ஒரு பென்னிகூட இல்லை. அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது: கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலப்பகுதிகளுக்கும் இலங்கைக்கும் இது பொருந்தாது. ஏன்? கம்பெனிக்கு நிலவரி வேண்டும். நிலவரி மிராசுதாரனிடமிருந்து வரவேண்டும். மிராசுதாரனுக்கு நெல் பண்ணையாளிடமிருந்து வரவேண்டும். மலபாரில் அரசு நிலங்களோடு சேர்ந்து வந்த அடிமைகளைக் கம்பெனியே குத்தகைக்கு விட்டுக்கொண்டிருந்தது. தானே அடிமை வைத்திருக்கிறவன் எப்படி ஒழிப்பான்? இங்குள்ள அடிமைமுறை மென்மையானது, குடும்பப் பாசம் போன்றது என்று அதிகாரிகள் அறிக்கை மேல் அறிக்கை எழுதினார்கள். அந்த 'மென்மை'க் கதை எப்படி உருவானது, யாருக்குப் பயன்பட்டது என்பதை ரூபா விஸ்வநாத் 2014-ல் வந்த தன் நூலில் அக்கு அக்காகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். என் பேராசிரியர் அன்று மைக்கில் பேசியது அந்தக் கலெக்டர்களின் குரல்தான்.

பிறகு, அவர் பெருமையோடு சொன்ன 1843-ன் 5-ஆம் சட்டம். அதை எடுத்துப் படித்துப் பாருங்கள், நான்கே பிரிவுகள். அரசு அதிகாரி வரிபாக்கிக்காக ஆளை ஏலம் விடக் கூடாது. ஒருவன் என் அடிமை என்ற உரிமையை நீதிமன்றம் அமல்படுத்தாது. அடிமை என்ற காரணத்தால் ஒருவரின் சொத்தைப் பறிக்க முடியாது. அடிமையை அடித்தாலும் அடிதான், சுதந்திரமானவனை அடித்ததற்குரிய குற்றமே. இவ்வளவுதான். அடிமை வைத்திருப்பது குற்றம் என்று அதில் எங்கும் இல்லை. வாங்குவதும் விற்பதும் குற்றமாக ஆனதே இந்தியத் தண்டனைச் சட்டம் 1862-ல் நடைமுறைக்கு வந்த பிறகு. நிலம் பற்றி, கூலி பற்றி, குடியிருக்கும் மனை பற்றி ஒரு சொல் கிடையாது. எசமானிடமிருந்து எதையும் எடுக்காத சட்டத்துக்கு எதிராக எசமான் ஏன் துப்பாக்கி தூக்கப் போகிறான்?

நம்மிடம் நிலப்பகுதிப் பிளவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இருந்தது. 1819 வாக்கில் சென்னை வருவாய் வாரியம் அடிமைமுறை பற்றிக் கலெக்டர்களிடம் விவரம் கேட்டபோது வந்த பதில்களைப் பார்த்தால், அடிமைமுறை தண்ணீரின் பின்னாலேயே போவது தெரியும். காவிரி பாயும் தஞ்சாவூர், திருச்சி, தாமிரபரணி பாயும் திருநெல்வேலி, மலபார், கனரா: நஞ்சை எங்கே அடர்த்தியோ அங்கே பண்ணையாள் அடர்த்தி. வறண்ட தெலுங்கு மாவட்டங்களில் குறைவு. பாலாற்றுப் பக்கம், மணலும் மானாவாரியுமான எங்கள் ஊர்ப் பக்கம், இடையில் எங்கோ: ஆள்விற்பனை அதிகமில்லை, ஆனால் படியாள் உண்டு. ஆக வரைபடத்தில் ஒரு கோடு போட்டிருக்கலாம். நஞ்சைக்கும் புன்செய்க்கும் நடுவில்.

ஆனால் அந்தக் கோட்டின் இரு பக்கமும் இருந்தவர்களுக்குச் சண்டை போட எதுவும் இல்லை. புன்செய்க் கவுண்டருக்கும் ரெட்டியாருக்கும் தஞ்சாவூர் மிராசுதாரரின் பண்ணையாளை விடுவித்து ஆகப்போவது என்ன? பார்ப்பனர், வெள்ளாளர், முதலியார், நாயுடு, நாயர், நம்பூதிரி: மொழி வேறு, சாமி வேறு, ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட மாட்டார். சேரிக்காரன் நிலம் வைத்திருக்கக் கூடாது என்பதில் மட்டும் அத்தனை பேரும் ஒரே கட்சி. அமெரிக்காவில் எல்லைக்கோடு மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் இடையில் ஓடியது. இங்கே ஊருக்கும் சேரிக்கும் நடுவில் ஓடியது, ஒவ்வோர் ஊரிலும். அப்படிப்பட்ட நாட்டில் 'வட மாநிலப் படை' எங்கிருந்து கிளம்பும்?

என் ஆயாவிடம் இதைக் கேட்டிருக்கிறேன். தாத்தா திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் படியாளாக இருந்தவர். நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த புதிது, கேள்வித்தாளோடு போய் உட்கார்ந்து, "ஆயா, அப்பல்லாம் ஆளுங்கள வித்தாங்களா, வாங்கினாங்களா?" என்று கேட்டேன். ஆயா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "வித்தாங்களா வாங்கனாங்களான்னு இன்னாத்துக்குடா கேக்குற? போவ ஒரு எடம் இருந்தாத்தான விக்கணும்? இந்த ஊட்டுல வுட்டா அந்த ஊட்டுக்காரனும் அவன் பங்காளிதான்."

நான் படித்த புத்தகங்களில் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை. சங்கிலியும் சந்தையும் எங்கே தேவை? தப்பி ஓடினால் வேறு உலகம் கிடைக்கும் இடத்தில் தேவை. ஆற்றின் அக்கரையிலும் அதே ஊர், அதே சேரி என்றால் சங்கிலி வீண் செலவு. அடிமைக்குக் காசு கொடுத்து வாங்கியவன் அவன் செத்துவிடாமல் பார்த்துக்கொள்ளவாவது செய்வான், தீண்டத்தகாதவன் செத்தால் யாருக்கும் நட்டமில்லை என்று அண்ணல் அம்பேத்கர் இரண்டையும் ஒப்பிட்டு எழுதியதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓட ஓர் இடம் உண்டானதும் நம் ஆட்களும் ஓடினார்கள். லிங்கன் வென்ற பத்தாம் நாள், 1860 நவம்பர் 16-ல், சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. அதன்பின் அரை நூற்றாண்டு நேட்டாலுக்குப் போனவர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் ஏராளம். அங்கே போய்ச் சேர்ந்தது சொர்க்கத்துக்கு அல்ல, கரும்புத் தோட்டத்துக்கு. ஆனாலும் போனார்கள். 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மெண்டுக்கு ரயில் பாதை திறந்தது. அதே ஆண்டு ஷெர்மனின் படை ஜார்ஜியாவில் தண்டவாளங்களைப் பிடுங்கி வளைத்துக்கொண்டிருந்தது. பின்னர் கோலார் தங்கச்சுரங்கம் வந்தபோது எங்கள் பக்கத்துச் சேரிகள் அந்தப் பாதை வழியாகத்தான் மாரிக்குப்பத்துக்கு நகர்ந்தன. பூமிக்கு அடியில் சாவு நிச்சயமில்லை, மேலே ஊரில் அவமானம் நிச்சயம் என்று கணக்குப் போட்டவர்கள். அயோத்திதாசரின் பௌத்தம் அந்தச் சுரங்க வயலில் வேர்விட்டது தற்செயல் அல்ல. எசமான் இல்லாத இடத்தில்தான் எசமானின் சாமியையும் மறுக்க முடியும். அமெரிக்கக் கறுப்பர்களின் ரகசியத் தப்பிக்கும் பாதையை 'பூமிக்கடி ரயில்' என்பார்கள். எங்களுக்கு நிஜ ரயில். என் அப்பா அந்தத் தண்டவாளத்தில்தான் கேங்மேனாக 31 வருடம் ஜல்லி தட்டினார்.

இந்த ஓட்டத்தையும் அடைக்கச் சட்டம் வந்தது. 1859-ன் 13-ஆம் சட்டம்: முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் மாஜிஸ்திரேட் அவனைப் பிடித்துவந்து வேலையை முடிக்கச் சொல்லலாம், மறுத்தால் மூன்று மாதம் வரை சிறை. கடனைத் திருப்பித் தராத வணிகன் மீது சிவில் வழக்கு. முன்பணம் வாங்கிய கூலி மீது கிரிமினல் வழக்கு. 1843-ல் முன்வாசல் வழியாக வெளியே அனுப்பிய அடிமைமுறையை 16 ஆண்டு கழித்துப் பின்வாசல் வழியாக உள்ளே அழைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் ஓடிப்போன அடிமைகள் சட்டம் 1864-ல் ஒழிந்தது. நம்முடையது 1920-களின் நடுப்பகுதி வரை இருந்தது. அதை எதிர்த்து எந்த நகரத்திலும் எந்தக் கனவான்களும் தெருவில் வந்து நிற்கவில்லை.

நிலக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீங்கள் அறிந்ததுதான். 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பிலிருந்த டிரெமென்ஹீர், பறையர்களுக்கு நிலமும் மனையும் இல்லாதவரை எந்த விடுதலையும் இல்லை என்று அறிக்கை தந்தார். தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டால் மிராசுதாரனுக்கு முன்னுரிமை. குடிசை நிற்கும் மனையே மிராசுதாரனுடையது, முணுமுணுத்தால் கூரையைப் பிரித்து எறியலாம். 1892-ல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. 102 ஆண்டு கழித்து, 1994 அக்டோபர் 10-ல், அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்ட காரணையில் போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள்.

தஞ்சாவூர்ப் பண்ணையாள்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்ததே 1952-ல். அதுவும் தஞ்சை மாவட்டத்துக்கு மட்டும், அதுவும் செங்கொடி அந்த வயல்களில் நிமிர்ந்து நின்ற பிறகு. அதற்கும் 16 ஆண்டு கழித்து 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்டார்கள், கொடியை இறக்க மறுத்தார்கள். வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து அறுத்துக்கொள்கிறேன் என்றார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கத்தார். ராமையாவின் குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். காரும் நிலமும் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்றது உயர் நீதிமன்றம். போர் வரவில்லை என்று யார் சொன்னது? ஒரு பக்கத்தில் மட்டும் பிணம் விழுந்தால் நம் வரலாற்றாசிரியர்கள் அதற்குப் போர் என்று பெயர் வைப்பதில்லை, 'சம்பவம்' என்கிறார்கள்.

அமெரிக்காவைப் புகழ்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். போர் முடியும் தறுவாயில், 1865 ஜனவரியில், கடற்கரை நிலங்களை விடுதலையான குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை பிரித்துத் தரச் சொல்லி ஷெர்மன் ஆணையிட்டார். லிங்கன் கொல்லப்பட்டார், அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அந்த ஆண்டு முடிவதற்குள் நிலத்தைப் பழைய எசமான்களிடம் திருப்பிக் கொடுத்தார். 1877-ல் வடக்கு தன் படையைத் தெற்கிலிருந்து விலக்கிக்கொண்டது. வடக்கு வெள்ளையனும் தெற்கு வெள்ளையனும் கைகுலுக்கிச் சமாதானமானார்கள். கறுப்பர்களின் ஓட்டு போனது, குத்தகைக் கடன் கழுத்தைப் பிடித்தது, மரத்தில் தூக்கில் தொங்கவிட்டார்கள். எங்கள் பக்கத்து மொழியில் சொன்னால், 1877-ல் 'ஊர் ஒன்று கூடிவிட்டது'. அந்த நாடும் அன்று நம் நாட்டைப் போல் ஆனது. எசமான்களுக்கிடையில் பிளவு இருந்த பதினாறு பதினேழு ஆண்டுகளில்தான் அங்கே அடிமைகளுக்கு வாசல் திறந்திருந்தது.

இதை நம் ஆட்கள் அப்போதே புரிந்துகொண்டார்கள். புனேயில் இருந்த ஜோதிராவ் பூலே 1873-ல் 'குலாம்கிரி'யை அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார், நீக்ரோ அடிமைகளை விடுவித்ததற்காக. பார்ப்பன அடிமைத்தனத்திலிருந்து சூத்திரர்களையும் ஆதிசூத்திரர்களையும் விடுவிக்க நம் நாட்டவரும் அதைப் பார்த்து நடக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1946-ல் அம்பேத்கர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் 'எங்களுக்குப் போர் வரவில்லை பார்த்தீர்களா' என்று நெஞ்சு நிமிர்த்தவில்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன் தோழர்களே, கோபப்படாதீர்கள். நமக்கும் ஒரு 36 பாகை 30 கலை இருக்கிறது. அதை விந்திய மலைமீது வரைந்து வைத்திருக்கிறோம். அதற்கு வடக்கே மாட்டுக்கறிக் கொலை, சாதி, சனாதனம், தெற்கே சமூகநீதி. ஒன்றிய அரசோடு நமக்குள்ள சண்டை நியாயமானது. நிதிப் பங்கு, மொழி, நீட் எல்லாவற்றிலும் நான் அந்தப் பக்கம்தான் நிற்கிறேன். பெரியாரை விட்டுக்கொடுக்கிறவனும் இல்லை. ஆனால் அந்தக் கோட்டின் நிழலில் எதை ஒளித்து வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். வேங்கைவயல் குடிநீர்த் தொட்டி விந்தியத்துக்கு எந்தப் பக்கம் இருக்கிறது? அமெரிக்க வடக்கைப் போல நாம் சுதந்திர மாநிலம் என்றால், நம் மாநிலத்துக்குள் வந்து சேர்கிறவனுக்கு என்ன நடக்கிறது?

2015 ஜனவரி 31 விடியற்காலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. ரசாயனச் சகதி பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் பாய்ந்து, அங்கே தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மூச்சுமுட்டிச் செத்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்துப் பிள்ளைகள். ஒரு காலத்தில் எங்கள் சேரி ஆட்கள் இறங்கிய குழிகள் அவை. நாங்கள் படித்து, ஷூ கம்பெனிக்கும் ரயில்வேக்கும் போனோம். குழி காலியாக இருக்க முடியாதே, ஆள் வந்தது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைகளை மீட்டார்கள், இருளர்கள். ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்து கும்பிட்ட படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இருளர் எந்த வடக்கிலிருந்து வந்தார்கள்? 1843-ல் முடிந்துபோனதாகச் சொல்லும் ஒன்றை ஒழிக்க 1976-ல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டதே, ஏன்? 2016 திட்டப்படி மீட்கப்பட்டவர் கையில் முதலில் கொடுத்தது 20,000 ரூபாய். மீதித் தொகையை எசமான் தண்டிக்கப்படுவதோடு முடிச்சுப் போட்டு வைத்தார்கள். 1833 சட்டப்படி எசமான்களுக்குத் தர பிரிட்டன் வாங்கிய கடன் 2015-ல்தான் அடைந்து முடிந்தது. யாருக்கு இழப்பீடு, யாருக்கு நிபந்தனை என்பது இரு நாட்டிலும் ஒன்றுபோல்தான் இருக்கிறது.

எனக்குப் போர் வேண்டும் என்று யாரும் திரித்து எழுத வேண்டாம். போரில் முதலில் சாவது எங்கள் தெருதான். நான் கேட்பது வேறு. ஊர் ஒன்றுகூடும் இடத்தில் பிளவை உண்டாக்குவதுதான் நம் வேலை. பிளவைக் கண்டு பயப்படுகிற, 'ஒற்றுமை' என்றதும் உருகுகிற முற்போக்கு எனக்குப் புரியவில்லை. ஆம்பூரில் கூலி உயர்வு கேட்டால் 'வேண்டாமென்றால் போ, பீகாரி வருவான்' என்று சொல்கிற மேனேஜரிடம் எங்கள் தெருப் பையன்களுக்குக் கோபம் வருவதில்லை. பீகாரி மீது வருகிறது. 'வடக்கன்' என்று மீம் போடுகிறார்கள். அதே பையன்கள்தான் ஏப்ரல் 14-ல் நீலக்கொடி கட்டுகிறார்கள். வெண்மணியில் வெளியூர் ஆளைக் கொண்டுவந்தது யார், எதற்கு என்று இவர்களுக்கு நாம் சொல்லிக் கொடுத்தோமா? இல்லை. கருத்தரங்கில் கைதட்டக் கற்றுக்கொடுத்தோம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவோடு ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் நின்றிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் சாயங்காலம் அங்கே போய் ஒரு டீ குடிக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. தன்பாத்திலிருந்து வரும் ரயில் நின்றது. பதினைந்து இருபது பையன்கள் இறங்கினார்கள், பை, போர்வை, ஒரு பிளாஸ்டிக் பக்கெட். மேஸ்திரி ஒருவர் எண்ணி எண்ணி வெளியே நிறுத்தியிருந்த வேனை நோக்கி ஓட்டிக்கொண்டு போனார். அப்பா பார்த்துவிட்டு, "அட்வான்ஸ் வாங்கிட்டு வந்த பசங்கடா, மூஞ்சப் பாத்தாலே தெரியுது" என்றார். டீக்கடை ஓரம் தண்ணீர் பிடிக்க நின்ற ஒருவனிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேச்சுக் கொடுத்தேன். ஜார்க்கண்ட், பத்தொன்பது வயது, வீட்டில் 12,000 கொடுத்திருக்கிறார்கள், என்ன வேலை என்று தெரியாது, தோல் என்று சொன்னார்கள். பிடிக்கவில்லை என்றால் திரும்பிப் போவாயா என்று கேட்டேன். அவன் வேன் பக்கம் பார்த்தான். ஆதார் கார்டை மேஸ்திரி வாங்கி வைத்துக்கொண்டார் என்றான்.